நரம்பு வழியே வந்த சுரப்பு

மூளையின் அடிப்புறத்திலே சிறு காம்பொன்றிற் கடலையளவாகத் தொங்குவது கபச்சுரப்பி. அதன் சாறு குருதியமுக்கத்தை உயர்த்தும் என்பதை ஒலிவர், ஷேபர் என்னும் இருவர் 1895 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த ஆற்றல் சுரப்பியின் பின்மடலுக்கே உரியதென்பது விரைவில் தெளிவாயிற்று. சாறு அம்மடலிலேயே ஊறுகின்றது என அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். ஐப்போதலமசு என்னும் மூளைப்பகுதியிலிருந்து நரம்பு நார்கள் திரளாக அங்கு இறங்குவதை அவர்கள் அறியாதவரல்லர். ஆயின், செய்தி கொண்டு செல்வதே நரம்பின் தொழில். சுரத்தல் சுரப்பியின் தொழில். இதுவே அந்நாளைய கொள்கை.

அதற்கு மாறாக 1928 இல் எழுதியவர், ஜெர்மனியின் மியூனிக் நகரிற் பயின்ற எர்ன்ஸ்ட் ஷாரர் என்னும் இளைஞர். சிறு நன்னீர் மீனொன்றின் ஐப்போதலமசிலே, சுரப்பிக் கலங்களைப் போன்று துளிகள் நிறைந்த நரம்புக்கலங்களை அவர் கண்டார். நரம்புக்கலமும் சுரக்கும் என்றார். பலர் நம்பவில்லை. நோயுற்ற கலங்கள் என்றனர் சிலர். இறந்தபின் நேர்ந்த மாற்றம் என்றனர் வேறு சிலர்.

அவர்தம் மனைவி பேர்த்தாவும் விலங்கியல் அறிஞரே. முதுகெலும்புள்ளவற்றைக் கணவரும் இல்லாதவற்றை மனைவியும் ஆராய்வதெனப் பங்கிட்டுக்கொண்டனர். 1937 இல் நாசி ஆட்சியை வெறுத்து இருவரும் அமெரிக்கா சென்றனர். அங்கு பேர்த்தாவுக்கு ஊதியமில்லை, ஆய்வுக்குப் பணமுமில்லை. சிக்காகோவிலே நிலவறையிற் பிடித்த கரப்பான் பூச்சிகளே அவருக்கு ஆய்வுப் பொருளாயின. செலவில்லாத விலங்கு வேறெது?

வழக்கைத் தீர்த்தது ஒரு சாயம். சதையியின் கலங்களைப் பிரித்தறியக் கொமோரி என்பவர் அமைத்த அச்சாயத்தைக் கீல் நகரத்துப் பேராசிரியர் பார்க்மன் 1949 இல் மூளைக்கு இட்டுப் பார்த்தார். ஐப்போதலமசின் கலங்களிலிருந்து காம்பின் வழியே பின்மடல் வரை, நரம்பு நார்கள் கருநீல மணிகள் கோத்த சரங்களாய்த் தெரிந்தன. பின்னர் விலங்குகளிலே காம்பை அறுத்துப் பார்த்தனர். சாயமேற்ற பொருள் வெட்டுக்கு மேலே, மூளைப்பக்கமாகத் தேங்கிற்று, கீழே குறைந்துபோயிற்று. வாய்க்காலை மறித்தால் நீர் எப்பக்கம் தேங்குமென்பதை உழவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. பின்மடல் ஊற்றன்று, களஞ்சியமே.

அங்கு சேரும் ஓமோன்களுள் ஒன்று ஒக்சிற்றோசின். மகப்பேற்றிற் கருப்பையைச் சுருக்கித் தாய்ப்பாலை வெளிப்படுத்துவது. ஒன்பது அமினோவமிலங்களாலான இப்பெப்ரைட்டின் அமைப்பை 1953 இல் கண்டு, அதனைச் செயற்கையாகவும் ஆக்கிய டூ விக்னோ 1955 இல் நோபல் பரிசு பெற்றார். மற்றொன்றாகிய வசோபிரசின் சிறுநீரகம் நீரை வீணாக்காது காப்பது. 1970களில், இவ்விரண்டையும் தனித்தனியே பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளால், எக்கலம் எதனைச் சுரக்கின்றதென்பதும் பிரித்தறியப்பட்டது. அதனைக் காண ஷாரர் இல்லை. 1965 இலேயே காலமாகிவிட்டார். 1995 வரை வாழ்ந்த பேர்த்தா கண்டார்.