உலோகம் காணாத கூர்: மாவோரியரின் பச்சைக்கல் மெரே

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் கல், வெண்கலம், இரும்பு என்னும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. இவ்வரிசையை அளவுகோலாகக் கொள்வோர், ஐரோப்பியர் வருகைக்கு முன் உலோகத்தை உருக்கி வார்க்காத பொலினீசிய மக்களைக் கற்கால மக்கள் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. இக்கணிப்பு எத்துணை பொருத்தமற்றது என்பதை நியூசிலாந்து மாவோரியரின் மெரே என்னும் படைக்கலம் உணர்த்துகிறது.

பொலினீசியர் தம் தீவுகளில் கிடைத்த பொருள்களிலிருந்தே கூர்மையைப் பெற்றனர். ஹவாய் மக்கள் மரத்தின் விளிம்பில் சுறாப்பற்களைப் பதித்தனர். ராப்பா நூயி மக்கள் எரிமலைக் கண்ணாடியைச் செதுக்கினர். மாவோரியரோ தென்தீவில் கிடைத்த பௌனமு எனப்படும் பச்சைக்கல்லைத் தேர்ந்தனர். இக்கல் எளிதில் உடையாத உறுதி வாய்ந்தது. மணற்கல்லும் நீரும் கொண்டு பல மாதங்கள் தேய்த்தே இதற்கு வடிவம் தந்தனர். பிடியில் துளையிட்டு, அதில் கோத்த கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வர். தட்டையான இக்குறுங்கருவியை ஓங்கி அடிப்பதினும், அதன் கூரிய முனைவிளிம்பால் எதிரியின் நெற்றிப்பொட்டை நோக்கி நேராகக் குத்துவதே சிறந்த போர்முறையாகக் கருதப்பட்டது.

புகழ்பெற்ற மெரேக்களுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. அவை தலைமுறை தலைமுறையாகக் குலச்செல்வமாகக் காக்கப்பட்டன. சமாதானம் செய்துகொள்ளும்போது கைமாறின. நிலைத்த சமாதானத்தை மாவோரியர் 'பச்சைக்கல் கதவு' என்று உருவகித்தமை ஈண்டு எண்ணத்தக்கது. போர்க்கருவிக்குரிய கல்லே அமைதியின் உறுதிக்கும் உவமையாயிற்று.

ஜேம்ஸ் குக்குடன் 1769ஆம் ஆண்டில் நியூசிலாந்தை அடைந்த ஜோசப் பேங்க்ஸ், மாவோரியரின் குறுங்கைப்படை ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு 1772ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 பித்தளைப் படிகளை இலண்டனில் வார்ப்பித்தார். அவற்றில் தம் குடும்பச் சின்னத்தையும் பொறிக்கச் செய்தார். உலோக வரிசைப்படி இது கல்லினும் உயர்ந்த கருவியாதல் வேண்டும். ஆயின் குலவரலாறும் முன்னோர் கைப்பட்ட பெருமையும் வார்ப்பில் வருவன அல்ல.

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நியூசிலாந்து அரசு, தென்தீவில் தன் உடைமையாயிருந்த இயற்கைப் பச்சைக்கல்லின் உரிமையை ஙாய் தாஹு குலத்தாரிடம் ஒப்படைத்தது. கல் என்பது அம்மக்களுக்குக் கடந்துபோன காலகட்டமன்று, வாழும் உரிமையாகும். ஒரு படைக்கலத்தை மூலப்பொருளால் மட்டும் வகைப்படுத்திக் கற்பிக்கும்போது, மாணவர் இழப்பது இவ்வரலாற்றையே எனலாம்.