மரியாதையாகத்தான் பேசினார்கள்

மதங்களைப் பற்றிய பேச்சில் சாதியை எடுத்தவுடன் ஒரு குரல் வரும்: “கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள், நம்பிக்கை புண்படுகிறது.” நம் மாணவர்கள் பலருக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். புண்படுவது யாருடைய நம்பிக்கை, அடிபடுவது யாருடைய உடம்பு என்று திருப்பிக் கேட்டால், கேட்டவர் பண்பில்லாதவர் ஆகிவிடுவார்.

மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எதில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சொல்லின் மென்மையிலா, எதிரில் இருப்பவரை மூளையுள்ள மனிதராக மதிப்பதிலா? இதற்கு 1935 அக்டோபரில் தொடங்கிய ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தைப் பார்த்தால் போதும். அந்த மாதங்களில் இந்தியாவில் மதம் பற்றிப் பேசாத தலைவரே இல்லை. பேசப்பட்டது நம்மைப் பற்றி.

1935 அக்டோபர் 13 அன்று நாசிக் மாவட்டத்து இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்தார். உடனே தந்திகள் பறந்தன. சீக்கியர், இசுலாமியர், கிறித்தவர், பௌத்தர் என எல்லாத் தரப்பும் அழைத்தது. அழைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த அழைப்புகளோடு சேர்ந்து ஒரு கணக்கும் ஓடியது: இத்தனை கோடிப் பேர் எந்தப் பக்கம் போனால் யாருக்கு எத்தனை இடம் கூடும், யாருக்கு எத்தனை குறையும் என்று.

அந்தக் கணக்கின் உச்சம் 1936 ஜூனில் வந்தது. இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சே, தாழ்த்தப்பட்டோர் மதம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இசுலாமோ கிறித்தவமோ வேண்டாம், சீக்கியம் ஆகட்டும், பூனா ஒப்பந்தத்தின் இடங்களையும் விட்டுத்தருகிறோம் என்று ஒரு ஏற்பாட்டை அம்பேத்கரோடு பேசி, அதைச் சென்னையிலிருந்த எம்.சி. ராஜாவுக்கு எழுதி ஒப்புதல் கேட்டார். மயிலை சின்னத்தம்பி ராஜா மறுத்தார். ஒரு சமூகத்தின் தலைவர்கள் இன்னொரு சமூகத்தின் தலைவர்களோடு பேரம் பேசி, ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு ஓட்டிச்செல்ல நாங்கள் ஆடுமாடுகள் அல்ல என்ற பொருளில் பதில் எழுதினார். கடிதங்கள் பத்திரிகைகளுக்கும் வந்தன.

ராஜாவின் அரசியலை நான் ஏற்பதில்லை. அந்த நேரத்தில் அவருடைய எதிர்ப்பு அம்பேத்கரின் கையைப் பலவீனப்படுத்தியது, காந்தியின் தரப்புக்குப் பயன்பட்டது. இருந்தாலும் அந்த ஆடுமாடு வாக்கியத்தை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. ஏனென்றால் நான்கு மாதத்திலேயே ஒரு மாடு உண்மையாகவே பேச்சுக்குள் வந்தது.

1936 நவம்பரில் ஜான் மோட் என்ற அமெரிக்கர் வார்தாவுக்கு அருகே, பின்னாளில் சேவாகிராமம் என்று பெயர் மாறிய ஊரில் காந்தியைச் சந்தித்தார். மோட் உலகக் கிறித்தவ மறைப்பணி இயக்கத்தின் பெரிய தலைவர். பிறகு 1946-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இருவரும் வயதில் மூத்தவர்கள், ஒருவரையொருவர் மதித்தவர்கள். குரல் உயரவில்லை. தீண்டப்படாதோரிடம் மிஷனரிகள் போட்டி போட்டுக்கொண்டு போவது பற்றிப் பேச்சு வந்தபோது காந்தி கேட்டார்: ஒரு பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா? தீண்டப்படாதோரில் சிலர் புரிந்துகொள்ளும் திறனில் பசுவையும்விடக் குறைந்தவர்கள், இந்து மதம், இசுலாம், கிறித்தவம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வைப் பிரித்தறிய அவர்களால் முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த உரையாடல் 1936 டிசம்பர் 19 ‘ஹரிஜன்’ இதழில் வந்தது. கண்டனம் எழுந்தபோது, பசு தனக்குப் புனிதமானது, அதனால் ஒப்பீட்டில் அவமதிப்பு இல்லை என்று காந்தி விளக்கம் கொடுத்தார்.

இங்கே கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒரு மதத்தவர் இன்னொரு மதத்தவரின் கடவுளைத் திட்டவில்லை. மதநல்லிணக்க மேடையின் விதிகளை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத பேச்சு. கோடிக்கணக்கான மனிதர்களின் அறிவை ஒரே வாக்கியத்தில் இல்லையென்று ஆக்கிய பேச்சும் அதுதான்.

அதே காலத்தில் கடல் தாண்டி நடந்த இன்னொரு உரையாடலை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். 1935 அக்டோபரில், அதாவது இயோலா அறிவிப்பு வந்த அதே மாதத்தில், அமெரிக்கக் கறுப்பினக் கிறித்தவர்களின் தூதுக்குழு ஒன்று கொழும்பில் வந்து இறங்கியது. அதன் தலைவர் ஹோவர்ட் தர்மன், பல்கலைக்கழகப் பேராசிரியர், போதகர். கொழும்புச் சட்டக்கல்லூரியில் அவர் பேசி முடித்ததும், கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் காபி குடிக்க அழைத்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: நீங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? உங்கள் முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துப்போனவர்கள் கிறித்தவர்கள். அடிமைக் கப்பல் ஒன்றின் பெயரே இயேசு. உங்கள் நாட்டில் கும்பலாகச் சேர்ந்து கறுப்பரைக் கொல்கிறவர்கள் கிறித்தவர்கள். நான் இந்து, எனக்குப் புரியவில்லை. அந்த மதத்தின் பெயரால் இங்கே வந்து நிற்கும் நீங்கள் உலகத்துக் கறுத்த மக்கள் அனைவருக்கும் துரோகி என்றே நினைக்கிறேன், உங்கள் பதில் என்ன?

துரோகி என்பது சின்னச் சொல் அல்ல, அதுவும் விருந்தாளியின் முகத்துக்கு நேராக. (அந்த இந்து நண்பரிடம், உங்கள் ஊர்க் கோயிலுக்குள் யார் யார் வரலாம் என்று யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.) ஆனால் தர்மன் புண்பட்டேன் என்று எழுந்து போகவில்லை. பேச்சு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்டது. கிறித்தவத் திருச்சபை வேறு, ரோமப் பேரரசின் காலடியில் கிடந்த ஓர் ஏழை யூதனின் மதம் வேறு என்று அவர் வாதாடினார். அந்தக் கேள்வியை நெடுங்காலம் சுமந்து, 1949-இல் ‘இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலாகவே எழுதினார். அதன் தொடக்கத்தில் இந்தக் கொழும்புச் சம்பவத்தை மறைக்காமல் வைத்தார்.

கொழும்பில் கேட்கப்பட்டது கடுமையான கேள்வி. ஆனாலும் அது தர்மனிடமே கேட்கப்பட்டது, பதில் சொல்லும் ஆற்றல் உனக்கு உண்டு என்ற நம்பிக்கையோடு. வார்தா அருகே மென்மையாகப் பேசப்பட்டது, அங்கே இல்லாதவர்களைப் பற்றி.

அந்த நூலில் தர்மன் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் பைபிளை வாசித்துக் காட்ட வேண்டும். சங்கீதங்கள், ஏசாயா, நற்செய்திகள் எல்லாம் கேட்பார். பவுலின் கடிதங்களை மட்டும், அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் நீங்கலாக, வாசிக்க விடமாட்டார். ஏன் பாட்டி என்று பிறகொரு நாள் கேட்டதற்குக் காரணம் சொன்னார். அடிமைக்காலத்தில் எசமானின் வெள்ளைப் போதகர் வந்து, அடிமைகளே எசமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுலை எடுத்துத்தான் பிரசங்கம் செய்வாராம். விடுதலை கிடைத்து, தான் படிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று அப்போதே உறுதி எடுத்துக்கொண்டாராம்.

எழுத்தறியாத ஒரு பெண் வேதத்தைத் தரம் பிரித்திருக்கிறார். அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் செய்யத் தயங்கியதை, எந்த வரி தன்னைக் கட்டியது என்ற ஒரே அளவுகோலால் செய்தார். மதங்களின் ஏற்றத்தாழ்வைப் பிரித்தறிய முடியாதவர்கள் என்று யாரைச் சொன்னார்கள் என்பதை இந்தப் பாட்டியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள்.

இதில் வேடிக்கை, அதே தர்மனைக் காந்தி 1936 பிப்ரவரியில் பர்தோலியில் சந்தித்து வாக்குரிமை, கும்பல் கொலை, பள்ளிகள், தேவாலயங்கள் என்று துருவித் துருவிக் கேள்வி கேட்டிருக்கிறார். அப்படியொரு விசாரிப்பைத் தான் கண்டதில்லை என்று தர்மன் பிறகு நினைவுகூர்ந்தார். தொலைவிலிருந்து வந்த ஒடுக்கப்பட்டவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தவருக்கு, பக்கத்துச் சேரியைப் பற்றி மட்டும் கேட்காமலே தெரிந்திருந்தது.

காந்தியை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நம் கூட்டங்களிலும் இந்தக் குரல் உண்டு. சேரியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அம்மாவைப் பற்றி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் தலித் கிறித்தவரைப் பற்றி, “அவங்களுக்கு என்ன தெரியும், இன்னும் அடிமையாவே இருக்காங்க” என்று நம் தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மதம் மாறினால் பட்டியல் சாதி உரிமை போய்விடும் என்பது 1950 ஆணையிலிருந்து தலித் கிறித்தவர்கள் தலையில் தொங்கும் கத்தி. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அது விலகியது, இவர்களுக்கும் இசுலாமியருக்கும் விலகவில்லை. அதைத் தெரிந்தே ஒருவர் தன் கோயிலில் நிற்கிறார் என்றால் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கேட்ட பிறகு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் வாதாடலாம்.

எப்படி வாதாடுவது என்பதற்கும் 1936-லேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல், சாதி ஒழிப்பு பேசிய சாதி இந்துக்களின் அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டிப் படித்ததும் கலங்கியது. வேதங்களைத் தொடும் பகுதி தேவையில்லாமல் சீண்டுகிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். அதுவும் மரியாதையின் பெயரால்தான். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அம்பேத்கர் ஏப்ரலில் எழுதினார். மாநாடு ரத்தானது. மே மாதம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார், விலை எட்டணா.

அந்த உரையில் பலர் கவனிக்காமல் போகும் ஓர் இடம் உண்டு. சாதி பார்க்கிற இந்துக்கள் கொடூர மனம் படைத்தவர்கள் என்பதால் பார்க்கவில்லை, ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர்கள் என்பதால் பார்க்கிறார்கள், எனவே மோத வேண்டியது அவர்களுக்கு அதைக் கற்பித்த சாத்திரங்களோடு என்கிறார். சாத்திரத்தின் மீது எந்த இரக்கமும் காட்டவில்லை. அதை நம்புகிறவரை மிருகம் என்றும் சொல்லவில்லை. யோசித்தால் மாறக்கூடிய மனிதர் என்றே வைத்துப் பேசுகிறார். தன்னைத் தீண்டத்தகாதவன் என்று தள்ளிய சமூகத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு அது.

காந்தி ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் இதற்கு மறுப்பு எழுதினார். சீர்திருத்தவாதி எவரும் இந்த உரையை ஒதுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்; எட்டணா அதிகம், இரண்டணா, இல்லாவிட்டால் நாலணா வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். பிறகு ஒரு மதத்தை அதன் சிறந்த மனிதர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் துக்காராம், ராமகிருஷ்ணர் வரிசையில் நம் திருவள்ளுவரையும் சேர்த்திருந்தார். வள்ளுவரை எந்தக் கணக்கில் எடுத்தார் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. சாமானியன் மதத்தை எப்படி வாழ்கிறான் என்பதுதான் கேள்வி, மகான்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதல்ல என்பது அம்பேத்கர் தந்த பதிலின் மையம்.

1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் காந்தியின் மறுப்பைப் பின்னிணைப்பாக அச்சிட்டார் அம்பேத்கர். தன் பதிலை அதற்கு அடுத்ததாக வைத்தார். அதற்குள் அந்த உரை தமிழ், மலையாளம், குஜராத்தி உள்ளிட்ட மொழிகளுக்குப் போயிருந்தது. இப்போதும் தமிழில் எளிதாகக் கிடைக்கிறது. உங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுக்கும்போது அம்பேத்கரின் உரையோடு நிறுத்திவிடாதீர்கள். காந்தியின் பகுதியையும் ஒருவர் சத்தமாக, கிண்டல் தொனி இல்லாமல் வாசிக்கட்டும். மாரியம்மன் பக்தர் ஒருவரையும் ஞாயிறு கோயிலுக்குப் போகும் ஒருவரையும் அன்றைக்கு அழைத்து உட்கார வையுங்கள்.