கார்லைல் பிள்ளைகள்

ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பிடித்த புதுப் பைத்தியம், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. (பெயர்தான் கால்பந்து, ஆடுவது பெரும்பாலும் கையால்!) சின்ன அணிகளைத் தேடிப் படித்ததில் கார்லைல் கிடைத்தது.

1879-ல் பென்சில்வேனியாவில், பழைய ராணுவக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளி. பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். வாத்தியாராக இருந்த எனக்குப் படிக்கவே கூசியது.

அந்தப் பள்ளி பெரிய கல்லூரிகளோடு மோதியது. அப்போதெல்லாம் கூட்டமாக முட்டித் தள்ளுவதுதான் ஆட்டம்; எடை கூடியவன் ஜெயிப்பான். கார்லைல் பிள்ளைகளோ எடை குறைந்தவர்கள். 1906-ல் பந்தை முன்னால் எறியலாம் என்று விதி வந்தது. எறிந்த பந்தை யாரும் தொடாவிட்டால் தண்டனை உண்டு என்பதால் பலர் தயங்கினார்கள். பயிற்சியாளர் வார்னர் துணிந்தார். முட்டித் தள்ள முடியாதவனைத் தலைக்கு மேல் தாண்டலாமே! 1907-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என வென்றார்கள்.

1912 நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியுடன் ஆட்டம். அமெரிக்கப் படை வூண்டட் நீயில் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்று 22 வருடம்தான் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் ஜிம் தோர்ப். அந்தப் பக்கம் பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர். கார்லைல் 27, ராணுவம் 6.

1918-ல் பள்ளியை மூடிவிட்டார்கள். அங்கே இறந்து புதைக்கப்பட்ட பிள்ளைகள் சிலரின் எலும்புகளை 2017 முதல் உறவினர்கள் சொந்த மண்ணுக்கு எடுத்துப் போகிறார்கள்.