நோர்டெல்: ஒரு தொலைபேசித் தொழிற்சாலையின் கதை

கனடாவின் நோர்டெல் நிறுவனம் 2009 ஜனவரி 14ஆம் திகதி வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியபோது, அதைப் பங்குச்சந்தைச் செய்தியாகவே பலரும் வாசித்தனர். நான் அதை ஊழியரின் வரலாறாகவே பார்க்கிறேன்.

1895இல் மொன்றியலில், பெல் தொலைபேசி நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவு 'நோர்தேர்ன் இலெக்ட்ரிக்' என்ற தனிக் கம்பனியாயிற்று. அமெரிக்காவின் வெஸ்டேர்ன் இலெக்ட்ரிக் அதில் பெரும் பங்கு வைத்திருந்தது. அங்கிருந்து வந்த வரைபடங்களைப் பார்த்தே மொன்றியலில் கருவிகள் செய்தனர். சுயமாகச் சிந்திக்கவேண்டிய தேவை அதிகம் எழவில்லை.

1956இல் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்று அந்த உறவை அறுத்தது. வரைபடங்கள் நின்றன. இது பேரிடி என்றே அன்று தோன்றியிருக்கும். ஆனால் அதன் விளைவாகவே ஒட்டாவாவில் சொந்த ஆய்வுகூடம் எழுந்தது. உலோகத் தொடுகைகள் அசைந்து இணைப்புக் கொடுத்த காலத்தில், குரலை எண்களாக்கிக் கணினி வழியே இணைக்கும் முறையை அங்குள்ள பொறியியலாளர் வளர்த்தெடுத்தனர். 1976இல், எவரும் துணியாத வேளையில், முழுமையான டிஜிட்டல் இணைப்பகத் தொகுதிகளை நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கச் சந்தையே அதற்குத் திறந்தது.

பின்னர் வந்தது இணையப் பேராசை. கம்பனிகளைப் பணத்துக்கன்றிப் பங்குகளுக்கு வாங்கினர். வாங்குவோருக்குக் கடனும் கொடுத்துக் கருவிகளை விற்றனர். இது வியாபாரமா, சூதாட்டமா என்று கேட்டவர் சிலரே. 2000 ஜூலையில் பங்கொன்று 124 கனேடிய டொலரைத் தொட்டது. ரொறன்ரோ பங்குச்சந்தைச் சுட்டெண்ணில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்த ஒரே கம்பனி! 2002இல் அதே பங்கு ஒரு டொலருக்கும் கீழே கிடந்தது. கணக்குப் புத்தகச் சர்ச்சைகளும் தொடர்ந்தன; அதில் குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று அதிகாரிகளை நீதிமன்றம் 2013இல் விடுதலை செய்தது.

வங்குறோத்தின்பின் வேலை இழந்தோருக்குரிய நட்டஈடு நிறுத்தப்பட்டது. நோயுற்று வீட்டிலிருந்த நூற்றுக்கணக்கான ஊழியரின் கொடுப்பனவுகள் 2010 இறுதியுடன் முடிந்தன. மறு ஆண்டே, ஆய்வுகூடங்கள் ஈட்டிய சுமார் 6,000 காப்புரிமைகளை அப்பிள், மைக்ரோசொஃப்ட் உள்ளிட்ட கூட்டணி 4.5 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அப்பணத்தை எந்த நாட்டவருக்கு எவ்வளவு பிரிப்பது என்று ரொறன்ரோவிலும் டெலவெயரிலும் வழக்காடினர். சட்டத்தரணிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் மட்டும் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் போயிற்று. பங்கீட்டு உடன்பாட்டை நீதிமன்றங்கள் அங்கீகரித்தது 2017 ஜனவரியில். அதற்குள் ஓய்வூதியர் பலர் இறந்துவிட்டிருந்தனர்.