மூன்றாவது பிளக்



வெள்ளத்தில் மூழ்கிய என் பழைய பத்மினி கார் என்ன ஆயிற்று என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டீர்கள், வரலாறு இல்லாமல் பதில் வராது. நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. காரின் பானட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சீட்டெல்லாம் சேறு, உள்ளே ஒரு தவளை. மகன் போனில், "அப்பா, பழைய இரும்புக்குக் கொடுத்திருங்க" என்றான். இரும்புக்காரர் வந்து விலையும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் அம்மா என்று நீங்கள் கூப்பிடும் என் மனைவி கடைசியாக வீட்டை விட்டுப் போனது அந்த வண்டியில்தான்.

தண்ணீர் புகுந்த இன்ஜினில் முதலில் செய்யக் கூடாதது செல்ஃப் அடிப்பது. காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்ற வேலை. இது எனக்குத் தெரியும். பாக்ஸ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே இறங்கிவிட்டேன்.

நான்கு பிளக்கில் மூன்று முக்கி முனகி வந்துவிட்டன. ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது பிளக் அசையவில்லை. ஸ்பேனரின் கம்பியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி, நீளமாக்கி, முழுப் பலத்தையும் போட்டேன். டக் என்று ஒரு சத்தம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைந்து கையோடு வந்தது. அடிப்பகுதி இருந்த இடத்திலேயே இருந்தது. நல்லவேளை, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் தப்பியது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் எட்டிப் பார்த்தார். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

"என்ன சார் செஞ்சிய? பைப் போட்டு இழுத்தியளா?"

"ஆமாய்யா, வரமாட்டேங்குது."

"இனிமே கை வைக்காதிய. இது அலுமினிய ஹெட்டுலா. பிளக் முறிஞ்சு மரை உள்ளயே நின்னுச்சுன்னா ஹெட்டையே கழட்டி லேத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். மரை உரிஞ்சு வந்தாலும் அதே கததான்."

அவர் முதலில் செய்தது சுத்தம். பிளக்கைச் சுற்றியிருந்த சேற்றையும் பீங்கான் துண்டுகளையும் காற்றடித்து ஊதி எடுத்தார். பிளக் கழன்றால் அந்தக் குப்பையெல்லாம் சிலிண்டருக்குள் விழுந்துவிடுமே. பிறகு துரு இளக்கும் எண்ணெயைக் குழியில் ஊற்றினார். "ரெண்டு ராத்திரி ஊறட்டும். நாளைக்கி சாயந்தரம் இன்னொரு தடவ ஊத்தணும்" என்று சொல்லி எழுந்தார். "சும்மா காத்திருக்கதா?" என்றேன். "காத்திருக்கதுதான் சார் வேலையே" என்றார்.

நம் கரைக்கு இது புதிதில்லை. முத்துக் குளித்த காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளைக் கத்தி வைத்து ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருக்கவில்லை. குவித்துப் போட்டு நாள் கணக்கில் அழுக விடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். சதை கரைந்த பிறகு கழுவி முத்தை எடுப்பார்கள். 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை அப்படித்தான். அவசரப்பட்டால் முத்தில் கீறல் விழும், விலை போகாது.

மறுநாள் சாயந்தரம் இரண்டாம் முறை எண்ணெய் ஊற்ற வந்த தம்பிக்குக் காபி கொடுத்து உட்கார வைத்தேன். பழக்க தோஷம், பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். நீங்களும் கேளுங்கள்.

பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது ஆரம்பத்தில் பெரிய தலைவலி. 1902இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் செய்து காட்டினார். கார் நம்பி ஓட்டக்கூடிய வண்டியானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே பாஷின் கூட்டுறவோடு 1951இல் பெங்களூரில் தொடங்கியதுதான் மைக்கோ. நம் ஊர்க் கடைகளில் பிளக் என்றாலே மைக்கோ பிளக் என்றிருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

என் காரைச் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியை 1944இல் பம்பாயில் தொடங்கியவர் வால்சந்த் ஹிராசந்த். அவர் கார் செய்யப் போவதற்கு முன் கப்பல் விட்டவர். 1919இல் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கிய கூட்டாளிகளில் ஒருவர். அவர்களுடைய 'லாயல்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இன்றும் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1906 அக்டோபரில், நம் ஊரில் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911இல் கம்பெனியும் முடிந்துபோனது.

தம்பி சிரித்தார். "1906ன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அடி வாங்கியிருக்க மாட்டேன்லா சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, பிளக் ஏன் பிடித்துக்கொள்கிறது? துரு என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. பத்மினியின் இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியக் கலவை. பிளக்கின் உடல் எஃகு. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு ஈரம். 1800இல் இத்தாலியின் வோல்டா உலகின் முதல் மின்கலத்தைச் செய்தது இப்படித்தான். இருவகை உலோகத் தகடுகள், இடையிடையே உப்புநீரில் நனைத்த துணி அல்லது அட்டை. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் நம் ஊர்க் கார் ஒவ்வொன்றிலும் பிளக்கின் மரைக்குள் ஒரு குட்டி மின்கலம் உட்கார்ந்திருக்கிறது. அதில் கரைந்து போவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகி, உப்பிப் பெருத்து, மரையின் இடுக்கை அடைத்துவிடும். வெள்ளம் அதைத் தொடங்கி வைக்கவில்லை. எட்டு வருடமாக நான் அந்தப் பிளக்கைத் தொடாததுதான் காரணம்.

வோல்டாவுக்கு முன்பே இந்தப் பாடத்தைக் கடலில் கற்றவர்கள் உண்டு. மரக்கப்பல்களின் அடிப்பகுதியைக் கப்பல் புழு துளைக்கும், பாசி பிடிக்கும். அதைத் தடுக்க பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் 1763இல் ஆராய்ந்தார்கள். செம்பு நன்றாக இருந்தது. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. ஏன் என்று பார்த்தால், செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிக்கப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே இருந்திருக்கிறது. இரண்டு உலோகம் நேராகத் தொடாதபடி ஒரு காகிதம் போதுமாக இருந்தது.

1824இல் ஹம்ப்ரி டேவி இதையே திருப்பிப் போட்டார். செம்பைக் காக்க அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்தால், அது அரிந்துகொண்டு செம்பைக் காப்பாற்றும் என்று காட்டினார். இன்று நம் துறைமுகத்துக்கு வரும் இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் அந்த அறிவால்தான்.

இந்த ஆராய்ச்சி நம் பக்கத்திலேயே நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. உப்புக்காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபத்திலும், நம் தூத்துக்குடி துறைமுகப் பகுதியிலும் அதற்கு மையங்கள் உண்டு.

மூன்றாம் நாள் காலை தம்பி வந்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். பெட்ரோல் குழாயை அடைத்தார். ஊற்றிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு ஹீட் கன்னால் பிளக்கைச் சுற்றியுள்ள அலுமினியத்தை மெதுவாகச் சூடாக்கினார். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓட்டை ஒரு மயிரிழை அகலமாகும்.

ஸ்பேனரை மாட்டினார். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஒரு அழுத்தம் கொடுத்தார். 'க்ரீச்' என்று ஒரு சின்னச் சத்தம். "விட்டுக்கொடுத்திருச்சு சார்" என்றார். பிறகு கழற்றும் பக்கம் ஒரு நூல் அளவு. உடனே மறுபடி உள்ளே. சூடு ஆறியதும் ஒரு சொட்டு எண்ணெய். மறுபடி கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே. இறுகினால் அங்கேயே நிறுத்தித் திரும்பிவிடுவார், தாண்டிப் போக மாட்டார். ஆறேழு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் பிளக் முழுதாகக் கைக்கு வந்தது. மரையெல்லாம் வெள்ளைப் பொடி.

14 எம்.எம். டேப்பில் கிரீஸ் தடவி, மரையைச் சுத்தம் செய்தார். கிரீஸில் பொடி ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றினார். மூன்றாவது ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் வேட்டியை நனைத்தது. ஆயிலைத் திறந்துவிட்டால் பால் காபி நிறத்தில் கொட்டியது. இரண்டு முறை ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, புதுப் பிளக் மாட்டி, நான்காம் முயற்சியில் வண்டி கிளம்பியது. மகனுக்கு அந்தச் சத்தத்தைப் போனில் கேட்க வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. "சரிப்பா" என்றான்.

இனி, சிரிப்பு வராத விஷயம்.

தம்பி பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் 1906 என்று சொல்லத் தெரியாததற்கு நான் அவரைப் பிரம்பால் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. வராத பிள்ளையைப் பலம் போட்டுத்தான் வர வைக்க வேண்டும் என்று நம்பிய வாத்தியார் நான். கூலி வாங்கிக்கொண்டு கிளம்பியவரிடம் கேட்டேன், "நான் அடிச்சதாலதான் நின்னியா?"

"அதெல்லாம் இல்ல சார், வீட்ல கஷ்டம்" என்றார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நான் முறித்த பீங்கான் துண்டு என் மேசை மேல் இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேரை நான் பைப் போட்டுத் திருகினேன் என்று எனக்குக் கணக்கு இல்லை. அவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களில் ஆசிரியர்களாக இருக்கிறவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், எண்ணெய் ஊற்றிவிட்டு இரண்டு ராத்திரி காத்திருங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒருமுறை இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, கையாலேயே மரையில் ஏற்றி, கடைசியில் மட்டும் அளவாக இறுக்குங்கள். இப்போதைய பிளக்குகள் பலவற்றில் மரைக்கு மேல் பூச்சு வருகிறது. அலாரம் கப்பலின் காகிதம் செய்த வேலையை அந்தப் பூச்சு செய்யும். அதன் மேல் கிரீஸ் தடவினால் வழுக்கி, அளவுக்கு மேல் இறுகிவிடும். வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். ரோச் பூங்கா வரை ஒரு ரவுண்டு போய்வரலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்