மணலுக்குத் தோற்ற உலோகம்

லேப்டாப் மூடியில் கீறல் விழாமலிருக்க ஒட்டுகிறோமே, அந்தப் படலத்தில் விலை கூடிய ரகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியும், சற்று நேரத்தில் தானே மறையும். ரப்பர் குணம் கொண்ட பாலியூரித்தேன் அது. பூப்போட்ட வினைல் ஸ்டிக்கர் வேறு இனம், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இதன் பூர்வீகம் வியட்நாம் போர். 1960களில் அமெரிக்கப் படையின் ‘ஹூயி’ ஹெலிகாப்டர்கள் புழுதி பறக்கும் திடல்களில் ஓயாமல் ஏறி இறங்கின. அவற்றின் சுழல் இறக்கையின் நுனி மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுற்றும். அந்த வேகத்துக்கு எதிர்ப்படும் மணல் ஒவ்வொன்றும் ஓர் அரம். இறக்கையின் முன்விளிம்பு உலோகமாகவே இருந்தாலும் அராவப்பட்டுத் தேய்ந்துபோகும்.

தேய்கிறதா, இன்னும் கெட்டியானதைப் பூட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். மின்னசோட்டாவின் 3எம் நிறுவனம் மெத்தென்ற ஒன்றைக் கொடுத்தது: பின்புறம் பசை தடவிய பாலியூரித்தேன் நாடா. மணல் மோதினால் நாடா அமுங்கி, மோதலின் விசையை வாங்கிக்கொண்டு, மறுபடி நிமிரும். மழைத்துளியிடம் மட்டும் உலோகத்தைவிடச் சீக்கிரம் தோற்கும். தோற்றால் என்ன, உரித்துவிட்டு வேறு ஒட்டலாம்; இறக்கையையே மாற்றுவதைவிட மலிவு. இத்தனைக்கும் பாலியூரித்தேன் புதிய சரக்கல்ல. 1937இல் ஜெர்மனியின் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்டது. பசைநாடா 3எம் நிறுவனத்துக்கு 1920களிலிருந்தே கைவந்த தொழில்.

பிறகு பந்தயக் கார்களின் மூக்குக்கு வந்தது. அங்கிருந்து சாதாரணக் கார்களின் பானெட்டுக்கு. பழைய ரகம் வெயிலில் மஞ்சளாகும். போர்க்களத்தில் யார் அழகு பார்த்தார்கள்? காசு கொடுத்துக் கார் வாங்கியவர் பார்ப்பாரே! வேதியமைப்பை மாற்றி, எளிதில் மஞ்சளாகாத ரகம் செய்தார்கள்.

கார் அளவிலிருந்த படலத்தைக் கையளவுக்குச் சுருக்கியவர்களில் யூட்டா மாநிலத்து ஃபிலிப் சிப்பிங் ஒருவர். கைக்கடிகாரக் கண்ணாடியைக் காக்கத்தான் முதலில் அதை வெட்டினார். அந்த முயற்சி 2005இல் நிறுவனமாகி, பின்னர் ‘ஜாக்’ என்று பெயர் பெற்றது. நேரமும் வாய்த்தது: அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐபாட் நானோவில் சீக்கிரமே கீறல் விழுகிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். ஐபாட், செல்போன், லேப்டாப் என்று படலம் பரவியது.

கார்க்காரர்களின் ஒட்டும் முறையும் கூடவே வந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் பசை உடனே பற்றாது. படலத்தை நகர்த்திச் சரிபார்த்து, பிறகு தண்ணீரை வழித்துவிடலாம். லேப்டாப்புக்கு என்றால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, படலத்தின் மேல் மட்டும் தெளிப்பது நல்லது. ஒரு வேடிக்கை, இன்றைய லேப்டாப்பை மூடினால் திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. உள்ளே எதையாவது ஒட்டி மூடினால் திரை பழுதாகலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. மேல்மூடிக்கு ஒட்டினால் போதும். உள்ளங்கை படும் இடத்தை விட்டுவிடுங்கள்.