பைத்திய மருந்து பரேல் வழியே உலகுக்குச் சென்ற கதை

தமிழில் 'பைத்தியம்' என்னும் சொல் 'பித்தம்' என்பதன் வழிவந்தது. முக்குற்றங்களுள் ஒன்று மிகுந்தால் அறிவு பிறழும் என்னும் மருத்துவக் கொள்கை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மனநோய் உடலிலிருந்து எழுகிறதா, வாழ்ந்த வாழ்விலிருந்து எழுகிறதா என்று மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வழக்காடினர். நம் மொழியோ முதற்கட்சியின் பக்கம் எப்போதோ சாய்ந்துவிட்டது. பிகாரில் ஒரு செடியின் வேருக்கு மக்கள் இட்ட பெயர் இன்னும் வெளிப்படையானது: 'பாகல் கீ தவா', அதாவது பைத்திய மருந்து.

வடமொழியில் அச்செடி சர்ப்பகந்தா. பழைய மருந்துச்சரக்குப் பட்டியல்கள் 'சிவன் அமல்பொடி' என்று தமிழ்ப்பெயர் தருகின்றன. மலையாளத்தில் அது 'சுவன்ன அவில்பொரி'. 'அமல்பொரி' என்றும் வழங்கும். செந்நிறத்தைக் குறிக்கும் 'சுவன்ன' தமிழ்ப் பட்டியலில் சிவனாகவும், பொரி பொடியாகவும் திரிந்தன எனக் கொள்வதே பொருத்தம். சிவபெருமானை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. தாவரவியல் பெயர் அதனினும் வேடிக்கையானது. 'ரௌவோல்ஃபியா' என்பது 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் லெயோன்ஹார்ட் ரௌவோல்ஃபின் நினைவாக இடப்பட்ட பெயர். அவர் மேற்காசியா வரை பயணம் செய்தவர்; இந்திய மண்ணை மிதித்தவரல்லர்.

நவீன மருத்துவ இதழொன்றில் இவ்வேரின் குணம் பதிவானது 1931இல். கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதிய கட்டுரை இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொன்னது. வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிராம், நாள்தோறும் இருவேளை கொடுத்தால் உயர் இரத்த அழுத்தம் தணிகிறது. வெறிகொண்ட மனநோயாளரும் அமைதியுற்றுத் தெளிகின்றனர். அதே ஆண்டு டெல்லி திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திகீ வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார்.

அடுத்து நடந்திருக்க வேண்டியது என்ன? ஐரோப்பாவில் அப்பத்தாண்டில் மனநோய்க்குக் கையாளப்பட்ட முறைகளை நோக்கினால் இக்கேள்வியின் கனம் விளங்கும். இன்சுலினால் நோயாளியை ஆழ்மயக்கத்தில் ஆழ்த்தினர். கார்டியசோல் ஊசியால் வலிப்பை வருவித்தனர். 1935இல் லிஸ்பனில் மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுத்தனர். 1938இல் ரோமில் மின்னதிர்ச்சி வந்தது. மூளையை அறுக்கும் முறையைக் கண்ட ஏகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசும் கிடைத்தது. இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு வேர்ப்பொடி எவ்வளவோ மேல். எனினும் கல்கத்தாக் கட்டுரையின் இரண்டாம் செய்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது.

'நாட்டு மருந்தென்று வெள்ளையர் இகழ்ந்தனர்' என்பது எளிதில் சொல்லப்படும் விடை, அது போதாது. வேரை இகழ்ந்திருந்தால் முதற்செய்தியும் உறங்கியிருக்கும். அதுவோ உறங்கவில்லை. ஹிமாலயா நிறுவனம் 1934இலேயே 'செர்பினா' என்ற பெயரில் அதை மாத்திரையாக்கி விற்றது. இரத்த அழுத்தத்துக்குப் பாதரசமானி உண்டு. இன்று 200, ஒரு மாதம் கழித்து 160 என்று எழுதிக்காட்ட முடியும். தெளிந்த சித்தத்துக்கு அப்படியோர் அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாவிடினும் பொறுமையாகக் கவனித்து எழுதும் மருத்துவர்கள் இருந்திருக்கலாம். ஆயின், 1946இன் போர் குழு அறிக்கை காட்டுவது என்ன? 40 கோடி மக்களுக்கு மனநோய்ப் படுக்கைகள் சுமார் 10,000. அம்மருத்துவமனைகளுள் பெரும்பாலானவை குணப்படுத்துவதற்காக அன்றி அடைத்துவைப்பதற்காகவே கட்டப்பட்டவை.

டோம்பிவிலியிலிருந்து பரேலுக்குச் செல்லும் ரயில்பாதையில், வழியில் தாணே வருகிறது. அங்கே 1901 முதல் மனநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை உண்டு. ஆயினும் பைத்திய மருந்தை உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்ற கட்டுரை தாணேயிலிருந்து எழவில்லை; பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் இதயநோய் மருத்துவரிடமிருந்து எழுந்தது. பம்பாய்ப் பார்சியான ருஸ்தம் ஜல் வக்கீல் 50 உயர் இரத்த அழுத்த நோயாளருக்கு வேரைக் கொடுத்து, கிடைத்த அளவுகளைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். ஆண்டு 1949, மோனிஸ் நோபல் பெற்ற அதே ஆண்டு.

அதன்பின் எல்லாம் விரைந்தன. கட்டுரையைப் படித்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் இந்தியாவிலிருந்து மாத்திரைகளை வரவழைத்தார். அழுத்தம் குறைவதோடு நோயாளரின் பதற்றமும் அடங்குவதைக் கண்டார். 1952இல் பாசலின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. 1953இல் அகமதாபாத்தின் ஆர். ஏ. ஹக்கீம் மனநோயாளரிடம் இவ்வேர் தரும் பயனைப் பரோடா மாநாட்டில் எடுத்துரைத்தார். அச்செய்தி நியூயார்க்கின் நேதன் கிளைனை எட்டியது. ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் அவர் நடத்திய சோதனை 1954இல் வெளிவந்தது. பித்து மருந்து பித்துக்கு மருந்தாக மீண்டும் ஏற்கப்பட, கல்கத்தாவிலிருந்து பம்பாய், பாஸ்டன், பாசல் என்று சுற்றிவர நேர்ந்தது. 1957ஆம் ஆண்டு லாஸ்கர் விருதைக் கிளைனும் பெற்றார், வக்கீலும் பெற்றார். சென்னும் போஸும் அப்பட்டியலில் இல்லை.

இங்கே பழம்பெருமை பேசுவோர் கதையை நிறுத்திக்கொள்வர். நிறுத்தலாகாது. ரெசர்பைன் மெல்ல வேலை செய்தது. அழுத்தத்தை அளவுமீறித் தாழ்த்தியது. பிரான்சிலிருந்து வந்த குளோர்புரோமசின் அதனினும் விரைந்து பயன் தந்தது. இரத்த அழுத்தத்துக்காக ரெசர்பைன் உண்டோர் சிலர் கடுஞ்சோர்வில் வீழ்ந்தனர்; தற்கொலைகளும் நிகழ்ந்தன. இதற்கு மாறாக, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் 1955ஆம் ஆண்டுச் சோதனையில் பதற்றமும் சோர்வும் உற்ற நோயாளர் சிலருக்கு அது நலமே செய்தது. 1960களில் மனநல மருத்துவத்திலிருந்து அது ஏறக்குறைய மறைந்தது.

அது விட்டுச்சென்றது வேறொன்று. ரெசர்பைன் நரம்பணுக்களின் செரடோனின் சேமிப்பை வெறுமையாக்குகிறது என்று 1955இல் பிராடியின் ஆய்வகம் காட்டியது. சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பைன் ஊட்டிய முயல்களை அசைவற்றுக் கிடக்கச் செய்து, பின்னர் எல்-டோபா செலுத்தி எழுப்பினார். டோபமினுக்கு மூளையில் தனிப்பணி உண்டு என்பது தெளிந்தது; பார்க்கின்சன் நோயின் சிகிச்சைக்கு அது வழிகோலியது; கார்ல்சன் 2000இல் நோபல் பெற்றார். மன உளைச்சலை மூளையின் வேதிப்பொருளால் விளக்கும் இன்றைய பேச்சு பெருமளவு இவ்வேரினின்று கிளைத்தது.

வழக்கின் மறுகட்சி, அதாவது மனத்தை மனத்தாலும் பயிற்சியாலும் திருத்தலாம் என்பது, அதே கே.இ.எம். வளாகத்திலேயே ஒரு சோதனைக்கு உட்பட்டது. மனநல மருத்துவர் என். எஸ். வாஹியாவும் உடனுழைத்தோரும், வழக்கமான சிகிச்சையால் பயன்பெறாத நோயாளருக்குப் பதஞ்சலி கூறும் ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம் ஆகிய ஐந்தையும் 1960கள் முதல் பயிற்றினர். மரபின்மீது பற்று மிகுந்தோர் செய்யத் தயங்குவதை அவர்கள் செய்தனர்: மற்றொரு குழுவுக்கு ஆசனம்போலத் தோன்றும் ஆனால் ஆசனமல்லாத நிலைகளையும், பிராணாயாமம்போன்ற மூச்சுப்பயிற்சியையும் கொடுத்து ஒப்பிட்டனர். முழுப்பயிற்சி பெற்றோரே மிகுதியாக நலமுற்றனர். முடிவுகள் 1973இல் அமெரிக்க உளமருத்துவ இதழிலும் வந்தன. உடனெழுதியோருள் இளையவரான திலீப் ஜெஸ்தே 2012இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவரானார்.